தள்ளுபடிக் கணக்கில் வராத ஒருவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விவசாயக் கடன் தள்ளுபடி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசுக்கு எவ்வளவு செலவு, விவசாயிக்கு எவ்வளவு ஆதாயம் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். நடுவில் மாட்டிக்கொண்ட கிளை மேனேஜரைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்படி ஒருவரைப் போன மாதம் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். அதனால் எழுதுகிறேன்.

மணப்பாறை பக்கம் எங்கள் ஊருக்கு அவர் எண்பதுகளின் நடுவில் வந்தார். வங்கியின் பெயர் வேண்டாம். 1969-இல் 14 வங்கிகளை அரசுடைமையாக்கிய பிறகு சின்ன ஊர்களில் எல்லாம் கிளை திறந்தார்களே, அந்த வரிசையில் வந்தது. ஓட்டுக் கட்டடம், பித்தளை டோக்கன், நகையை உரசி மதிப்பிட உரைகல்லோடு ஒரு அப்ரைசர். ஐ.ஆர்.டி.பி. என்ற மத்திய அரசின் ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் கொடுத்த காலம் அது. கூலிக்காரர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு மானியம், மிச்சம் கடன். என் அப்பாவுக்கும் ஒரு எருமை வந்தது.

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கும்போது அவரும் கூடவே நிற்பார். தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசினால் அவருக்கு ஒன்றும் புரியாது. "துண்டை எடுத்துட்டுப் பேசுங்கய்யா, நான் வவுச்சர் எழுதணும்" என்பார். வாங்கிய மாட்டின் காதில் எண் போட்ட வில்லையை அடிப்பார்கள். மாடு செத்தால் அந்த வில்லையைக் காட்டினால்தான் இன்சூரன்ஸ். வில்லையோடு காதை அறுத்து, வாழையிலையில் மடித்துக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைப்பார்கள். அவர் சுத்த சைவம். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நம்பரை நீங்களே படிங்க" என்பார். மாட்டை விற்றுவிட்டுக் காதை மட்டும் கொண்டுவந்தவர்களும் உண்டு என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை.

தவணை கட்டாதவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் கேட்பார், மழையைப் பற்றிப் பேசுவார், கடனைப் பற்றி வாயே திறக்கமாட்டார். ஊரே பார்க்கும். மறுநாள் ஐம்பதோ நூறோ கவுண்டருக்கு வந்துவிடும். இது நல்ல வழி என்று நான் சொல்லமாட்டேன். என் அம்மாவுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. எங்கள் திண்ணையில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே பால்காசை முடிந்து வைத்துக் கட்டினாள்.

1990-இல் வி.பி.சிங் அரசு 10,000 ரூபாய் வரை தள்ளுபடி என்றது. 1989 அக்டோபர் 2 அன்று தவணை தவறியிருந்த பாக்கிக்கு மட்டும். அப்பாவுக்குப் பாக்கியே இல்லை, ஆகவே பத்துப் பைசாவும் இல்லை. இழுத்தடித்தவர்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள், கட்டியவர்கள் ஏமாளிகள் ஆனார்கள். அப்பா வங்கிக்குள் போய், "உங்க பேச்சைக் கேட்டுத்தானய்யா கொண்டாந்து கொட்டினேன்" என்று கத்தினார். பள்ளிக்கூடப் பையோடு நான் பக்கத்தில் நின்றேன். மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். டில்லி உத்தரவு, விதி என்று எதையும் சொல்லவில்லை. "தப்பு என்மேலதான்" என்றார். அதற்குப் பிறகு அவர் யார் வீட்டுத் திண்ணைக்கும் போகவில்லை. போனாலும், "அடுத்த தள்ளுபடி எப்ப சார்?" என்றுதான் கேட்டிருப்பார்கள்.

பிறகு எங்கெங்கோ மாற்றலாகிப் போனார். ஓய்வுபெற்றதும் எங்கள் ஊருக்கே திரும்பிவந்து வாடகை வீட்டில் இருந்தார். தண்ணீர் ஒத்துக்கொண்டதாம். 2008-இல் மத்திய அரசு தள்ளுபடி செய்தது. 2021-இல் மாநில அரசு 16.43 லட்சம் பேரின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடனைத் தள்ளுபடி செய்தது. இரண்டு முறையும் அப்பா பெயரில் கடனே கிடையாது. இரண்டு முறையும் மேனேஜர் வீட்டுக்குப் போய், "இந்தவாட்டியும் எனக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டு வந்தார். வானம் பார்த்த பூமியில் தள்ளுபடியே கூடாது என்று நானும் சொல்லவில்லை. ஒழுங்காகக் கட்டுபவருக்குப் பயிர்க்கடனில் இப்போது 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது. 1990-இல் அந்த மாதிரி ஏதாவது ஒன்று அந்த மேனேஜர் கையில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாவுக்கு இப்போதைய மேனேஜர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாலையோடு வந்தார். வடக்கே இருந்து வந்திருக்கும் சின்னப் பெண். இறந்தவரைப் பற்றி ஒன்றும் தெரியாது, இருந்தும் வந்தார். "பேங்க் மேனேஜரம்மா" என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "என் கணக்குல பாக்கி ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

இப்படிக்கு,
வாசகர், மணப்பாறை வட்டம்