கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியரசுத் தலைவர் வெறும் ரப்பர் ஸ்டாம்ப், அந்தப் பதவியே எதற்கு என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். என் மனம் ஒப்பவில்லை.

எங்கள் செட்டிநாட்டுத் திருமணங்களில் இசைகுடிமானம் எழுதுவார்கள். மாப்பிள்ளை, பெண், ஊர், கோயில் எல்லாம் குறித்துப் பெரியவர்கள் கையெழுத்திடும் ஏடு அது. என் தங்கை திருமணத்தில் சம்பந்தம் பேசியது, நாள் பார்த்தது எல்லாம் அப்பச்சிதான், அதாவது என் அப்பா. தாத்தாவான எண்பது வயது ஐயாவுக்குக் கையெழுத்து ஒன்றே வேலை. ஆனாலும் வளவு எனும் வீட்டு முற்றம் நிறையக் கூட்டம் காத்திருக்க, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரிவரியாக வாசித்தார். குடும்பம் எந்தக் கோயிலின் எந்தப் பிரிவு என்பது ஓரிடத்தில் தவறியிருந்தது. பேனாவை மூடிவிட்டு, "வேறு எழுதிக் கொண்டுவா" என்றார். திருத்தி வந்ததும் மறுபேச்சின்றிக் கையெழுத்திட்டார்.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது பிரிவு குடியரசுத் தலைவருக்குத் தருவதும் ஏறக்குறைய இதே உரிமைதான். அமைச்சரவை சொல்வதை ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். மீண்டும் வந்தால் ஏற்றே ஆக வேண்டும். 1978-இல் 44-ஆவது திருத்தம் தந்த வழி இது. உத்தரப்பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கோரிய பரிந்துரையை 1997-இல் கே.ஆர்.நாராயணன் திருப்பி அனுப்பினார். மத்திய அமைச்சரவை அதைக் கைவிட்டது. மசோதாக்களுக்கும் இதே போன்ற உரிமையை 111-ஆவது பிரிவு தருகிறது. அதன்படி எங்கள் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்காரரான அப்துல் கலாம், எம்.பி.க்கள் சில ஆதாயப் பதவிகளை வகித்தாலும் பதவி இழக்காதபடி விலக்கு தந்த மசோதாவை 2006-இல் திருப்பினார். நாடாளுமன்றம் அதை அப்படியே மறுபடி நிறைவேற்ற, கையெழுத்திட்டார். அதைத் தோல்வி என்பவர்கள் உண்டு. அவர் திருப்பியதால்தான் அந்த மசோதாவில் என்ன இருக்கிறது என்பதை எங்கள் தெருவில் பேப்பர் படிக்கிற எல்லோரும் பேசினோம்.

1975 ஜூன் 25 இரவை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. பிரதமரின் கடிதத்தை நம்பி அன்றைய குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியதே மறுநாள் காலையில்தான். "அமைச்சரவை கூடியதா?" என்று அன்றிரவு அவர் கேட்டிருக்கலாம். அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வர வேண்டும் என்று பின்னர் கட்டாயமாக்கியதும் அதே 44-ஆவது திருத்தம்தான்.

ஆனால் கேட்பது வேறு, கிடப்பில் போடுவது வேறு. கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு இடம் தந்த 1986 அஞ்சல் மசோதாவில் அன்றைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்திடவும் இல்லை, திருப்பவும் இல்லை. மசோதா நின்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். நின்ற விதத்தில் இல்லை. மசோதாவில் குடியரசுத் தலைவர் முடிவெடுக்க அரசியல் சட்டம் கெடு வைக்கவில்லை. கெடு வைக்க வேண்டும். திருப்பினால், அதற்கான காரணத்தையும் மக்கள் படிக்கும்படி அன்றே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவகோட்டை.