வினைக்கு வேற்றுமையும் வேண்டும்

ஆசிரியருக்கு,

அகராதிகளில் புதுச்சொற்கள் சேர்க்கப்படுவதை வரவேற்ற தங்கள் தலையங்கம் கண்டேன். சொற்கள் பெருகட்டும், ஆனால் ஒரு பதிவுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தலையங்கம் தொடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியான தமிழ் லெக்சிகன் (1924–1936) வினைகளுக்கு எண் கொடுத்து, அவை காலம் காட்டும் முறையைச் சுட்டியது. 'உடைந்தது', 'உடைத்தான்' இரண்டுக்கும் அதில் தனித்தனிப் பதிவு. இலக்கண ஆய்வு அகராதிக்குப் பயன்பட்டதற்கு அது நல்ல சான்று. ஆயினும் வினையோடு வரும் பெயர் எந்த வேற்றுமை உருபை (ஐ, கு போன்றவை) ஏற்கும் என்ற செய்தி பல அகராதிகளில் இன்றும் எடுத்துக்காட்டு வாக்கியத்துக்குள் ஒளிந்துகிடக்கிறது. 'பிடி' என்பதற்குப் 'பற்று', 'விருப்பமாக இரு' எனப் பொருளை மட்டும் அடுக்கினால் போதாது. 'பந்தைப் பிடித்தேன்' என்பதில் எழுவாய்க்கேற்ப விகுதி வருகிறது. 'எனக்கு அவர்களைப் பிடித்தது' என்பதிலோ விரும்புபவர் நான்காம் வேற்றுமையில் நிற்க, வினை அஃறிணை ஒருமையிலேயே நின்றுவிடுகிறது. பொருள் மாறும்போது தொடரமைப்பும் மாறுகிறது என்பதே இங்குச் செய்தி.

தமிழைப் புதிதாகக் கற்போர் விருப்பத்தைச் சொல்ல 'நான் அவர்களைப் பிடிக்கிறேன்' என்று எழுதுவதைக் கற்பிப்பவர்கள் அடிக்கடி காண்கிறோம் (காவலர் சொன்னால் சரிதான்!). அகராதியைப் பார்த்துத்தான் அப்படி எழுதுகிறார்கள். எனவே அடுத்த பதிப்புகளில், மிகுதியாக வழங்கும் சில நூறு வினைகளுக்காவது, ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் 'ஒருவருக்கு ஒன்றை/ஒருவரை' என்பதுபோல வேற்றுமைச் சட்டகம் ஒன்றைத் தரலாம். அஃறிணை ஒருமையில் மட்டும் முடியும் வினைகளுக்குத் தனிக் குறியீடும் தேவை.