முதல் கேட் ‘ஆண்ட்’ வேண்டாம், ‘நாட்’டில் தொடங்கட்டும்

ஆசிரியருக்கு,

டிரான்சிஸ்டரை வைத்து வீட்டிலேயே லாஜிக் கேட் (0, 1 என்ற இன்புட்டைப் பார்த்து 0 அல்லது 1 என்று அவுட்புட் தரும் சுற்று; இங்கே 0 வோல்ட் என்றால் 0, 5 வோல்ட் என்றால் 1) செய்து பார்க்கச் சொல்லி மாணவர் பக்கத்தில் வந்ததைப் படித்தேன். நல்ல விஷயம்தான். எந்த இன்புட்டுக்கு எந்த அவுட்புட் என்று காட்டும் உண்மை அட்டவணையை மனப்பாடம் செய்வதைவிட ஒரு எல்இடி எரிந்து அணைவதைக் கண்ணால் பார்ப்பது எவ்வளவோ மேல். ஆனால் முதல் பயிற்சியாகவே ‘ஆண்ட்’ கேட்டை (இரண்டு இன்புட்டும் 1 என்றால்தான் அவுட்புட் 1) கொடுத்ததுதான் எனக்கு ஒப்பவில்லை, ஏனென்றால் நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

அங்கே வந்த படத்தில் இரண்டு என்பிஎன் டிரான்சிஸ்டர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. இந்த வகைக்கு மூன்று கால்கள்: பேஸில் சின்ன கரன்ட் விட்டால் கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய கரன்ட் ஓடும். மேலே நேராக 5 வோல்ட், கீழ் எமிட்டரிலிருந்து ஒரு ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு, அந்த எமிட்டரிலேயே அவுட்புட். பேஸுக்கு 5 வோல்ட் கொடுக்கும் இரண்டு பட்டனையும் அழுத்தினால் எல்இடி எரியும். சரி, அந்த அவுட்புட்டை இதேபோல இன்னொரு கேட்டுக்குக் கொடுத்துப் பாருங்கள். எமிட்டர் எப்போதும் பேஸைவிடச் சுமார் 0.7 வோல்ட் கீழேதான் நிற்கும், அதனால் முதல் கேட்டில் 4.3, அடுத்ததில் 3.6, அதற்கும் அடுத்ததில் 2.9 என்று தேய்ந்துகொண்டே போகும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. மேல் பட்டனை விட்டுவிட்டுக் கீழ் பட்டனை மட்டும் அழுத்தினால் அவுட்புட் பூஜ்யமாக இருக்க வேண்டுமல்லவா? கீழ் டிரான்சிஸ்டரின் பேஸ் கரன்ட் எமிட்டர் வழியாக இறங்கி அந்த ரெசிஸ்டரில் பாய்ந்துவிடுகிறது. நான் பேஸிலும் 10 கிலோ ஓம், எமிட்டரிலும் 10 கிலோ ஓம் போட்டிருந்தேன், மல்டிமீட்டர் 2.1 வோல்ட் காட்டியது. இதை 0 என்பதா 1 என்பதா? டிரான்சிஸ்டர்தான் போய்விட்டது என்று நினைத்துப் பாதி ராத்திரி வரை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். எமிட்டரில் 1 கிலோ ஓம் போட்டிருந்தால் 0.4 வோல்ட்டோடு தப்பித்திருப்பேன், ஆனால் காரணம் புரிந்திருக்காது.

இன்புட்டைத் தலைகீழாக்கும் (0 என்றால் 1, 1 என்றால் 0) ‘நாட்’ கேட்டுக்கு ஒரே டிரான்சிஸ்டர் போதும். எமிட்டர் கிரவுண்டில், கலெக்டருக்கு மேலே 1 கிலோ ஓம், பேஸுக்கு 10 கிலோ ஓம், அவுட்புட் கலெக்டரில். பேஸுக்கு 5 வோல்ட் கொடுத்தால் 0.43 மில்லி ஆம்பியர் உள்ளே போகிறது, கலெக்டரில் அதிகபட்சம் 5 மில்லி ஆம்பியர்தான் ஓட முடியும் என்பதால் டிரான்சிஸ்டர் முழுசாகத் திறந்துகொண்டு அவுட்புட்டை 0.2 வோல்ட்டுக்குக் கீழே இழுத்துவிடும். பேஸைக் கிரவுண்டில் வைத்தால் அவுட்புட் 5 வோல்ட்டுக்கு ஏறிவிடும். இதில் முக்கியம், உள்ளே வருவது கொஞ்சம் தேய்ந்த 3.6 வோல்ட்டாக இருந்தாலும் வெளியே போவது சுத்தமான 0 தான். இப்போது எமிட்டருக்குக் கீழே இன்னொரு டிரான்சிஸ்டரைத் தொடராகச் சேர்த்தால் ‘நேண்ட்’ (ஆண்டின் தலைகீழ்), பக்கத்தில் இணையாகப் போட்டால் ‘நார்’ (எந்த இன்புட் 1 ஆனாலும் அவுட்புட் 0). ‘ஆண்ட்’ வேண்டுமா, நேண்டுக்குப் பின்னால் ஒரு நாட். ஒரு டிரான்சிஸ்டர் கூடுதல், ஆனால் எத்தனை கேட்டை வரிசையாகக் கோத்தாலும் தடுமாறாது. 1969-ல் நிலவில் இறங்கிய அப்பல்லோ கலத்தின் வழிகாட்டிக் கணினியில் லாஜிக் முழுக்க மூன்று இன்புட் நார் கேட்டுகள்தான், அதுவும் இதே டிரான்சிஸ்டர்-ரெசிஸ்டர் வகை!

அப்புறம் எல்இடி. அதை நேராக அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்குத் தொங்கவிட்டால் அவுட்புட்டை அதுவே 2 வோல்ட் பக்கம் பிடித்து வைத்துவிடும், தனியாக ஒரு டிரான்சிஸ்டர் வைத்து ஓட்டுவது நல்லது. பட்டனை விட்டதும் பேஸ் அந்தரத்தில் தொங்காமல் ஒரு 10 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்குக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒயரில் விரல் பட்டாலே எல்இடி மினுக்கும்.

திருத்திய படம் போடுவதாக இருந்தால் கால்களின் பெயரையும் குறித்துவிடுங்கள். டிரான்சிஸ்டரின் தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக பிசி 547 ரகத்துக்கு கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904 ரகத்துக்கு அப்படியே எதிர் வரிசை. மாற்றிச் செருகினாலும் அரைகுறையாக வேலை செய்து தொலைக்கும், அதனால் தப்பு எங்கே என்று லேசில் பிடிபடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்