வீட்டு மின்பணி: குறுகிய காலச் சான்றிதழ் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரப் பயிற்சியிலேயே வீட்டு எலக்ட்ரீஷியன் ஆகிவிடலாம் என்னும் விளம்பரங்களைப் பார்த்து, தொழில் மாற நினைக்கும் பலர் அவற்றில் சேர்கிறார்கள். நானும் அப்படிச் சேர்ந்து, சான்றிதழ் வாங்கி, இன்று இத்தொழிலில் இருப்பவன்தான். ஆகவே, இத்தகைய பயிற்சிகளே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. வேறு வேலையில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டு, குடும்பப் பொறுப்பையும் சுமந்துகொண்டு புதுத் தொழில் தேடுகிறவரால் ஆண்டுக்கணக்கில் படிப்பில் உட்கார முடியாது. ஆனால் அந்தச் சான்றிதழைப் பெற்றவர் மறுநாளே ஒரு வீட்டுக்குத் தனியாகப் போய் வேலை செய்யலாம் என்று நம்பவைப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

பயிற்சிக் கூடத்தில் பலகையில் பொருத்தப்பட்ட புது சுவிட்சுகளும் புது வயர்களும்தான் எங்களுக்குக் கிடைத்தன. நிறங்கள் சரியாக இருந்தன. சுவிட்சை அணைத்தால் மின்சாரம் நின்றது. படிப்பு முடிந்து, அனுபவமுள்ள ஒருவரோடு உதவியாளாகச் சென்ற முதல் வீட்டில், பழைய பல்பு ஹோல்டரை மாற்றச் சொன்னார்கள். சுவிட்சை அணைத்தேன், விளக்கு அணைந்தது, ஏணியில் ஏறிக் கையை நீட்டினேன். கீழே நின்றவர் என்னைத் தடுத்து, முதலில் டெஸ்டரை வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன், டெஸ்டரில் விளக்கு எரிந்தது. எப்போதோ யாரோ மின்சாரம் வரும் ஃபேஸ் வயருக்குப் பதிலாக, அது திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயரில் சுவிட்சை இணைத்திருக்கிறார்கள். சுற்று அறுபட்டதால் விளக்கு அணைந்திருந்ததே தவிர, ஹோல்டருக்கு 230 வோல்ட் வந்துகொண்டேதான் இருந்தது. இப்படித் தவறாக இணைக்கப்பட்ட பலகை ஒன்றைக்கூடப் பயிற்சியில் எங்களுக்குக் காட்டவில்லை.

அன்று அவர் சொல்லிக்கொடுத்ததை இன்றுவரை விடாமல் செய்கிறேன். மெயினை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டிவிட வேண்டும். பிறகு, மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓர் இடத்தில் சோதனைக் கருவியை வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, அதன்பின் வேலை செய்யும் இடத்தைச் சோதித்து, மறுபடியும் முதல் இடத்துக்கே போய்க் கருவி பழுதாகவில்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். நியான் டெஸ்டரின் மங்கலான ஒளி வெயில் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் அதை மட்டும் நம்பக்கூடாது. இவ்வளவும் சில நிமிட வேலை. எங்கள் குறிப்பேட்டில் இதற்கு ஒரு வரிதான் இருந்தது.

இன்னொன்றையும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்குரு சரியாக முறுக்கப்படாத ஓர் இணைப்பில் 0.2 ஓம் மின்தடை ஏற்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 3000 வாட் ஹீட்டருக்கான 13 ஆம்பியர் பாய்ந்தால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஏறக்குறைய 34 வாட் வெப்பம் உண்டாகும். மூடிய பெட்டிக்குள் ஒரு சால்டரிங் அயர்ன் இருப்பதைப் போன்றது அது. மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி., இங்கே அது மீறாததால் விழாது. பிளாஸ்டிக் பழுப்பேறி, கருகிய வாடை வரும்போதுதான் வீட்டாருக்குத் தெரியவரும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். அது 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழுந்து உயிரைக் காக்கும் அருமையான கருவிதான். ஆனால் மின்சாரம் வெளியே கசியாத இந்தச் சூடு அதற்குத் தெரியாது. அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழுவதைப் பார்த்து எர்த் சரியாக இருப்பதாகவும் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எர்த் வயரே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும்.

எனவே பயிற்சி நடத்துவோரிடம் என் வேண்டுகோள் இது: வேண்டுமென்றே பழுதாக்கிய பலகைகளை வைத்துப் பழுது கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுங்கள், எர்த் தொடர்ச்சியையும் இன்சுலேஷனையும் அளக்கும் கருவிகளை ஒவ்வொரு மாணவரின் கையிலும் கொடுங்கள், அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் சில மாதங்களாவது வீடுகளில் வேலை செய்தபிறகு முழுச் சான்றிதழைத் தாருங்கள். அதனால் பயிற்சிக்காலம் நீளும். சேருபவர்கள் குறையவும் கூடும். அப்படியே ஆனாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

வீட்டுக்காரர்களும் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிடாமல், இன்சுலேஷனை அளக்கும் மெகர் கருவியில் 500 வோல்ட் வைத்து அளந்தபோது எத்தனை மெகா ஓம் காட்டியது என்று கேட்டு, அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் குறைவாக இருந்தால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை அந்த இணைப்புக்கு மின்சாரம் கொடுக்க விடாதீர்கள்.

இப்படிக்கு,
வீட்டு வயரிங் பணி செய்யும் வாசகர் ஒருவர்