கடலைப்பருப்பின் மூக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

விதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முளைப்பைப் பற்றிய பகுதி அருமை. ஆனால் "வேர் எங்கே, குருத்து எங்கே என்பதெல்லாம் மரபணுவில் எழுதியிருக்கிறது" என்று ஒரே வரியில் தாண்டிப் போனதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தாவரவியல் சொல்லித் தருகிறேன். போன வாரம் நிலக்கடலைப் பருப்பை இரவு ஊறவைத்து ஆளுக்கு நாலு கொடுத்தேன். தோலை உரித்துப் பிளந்தால் ஒரு பாதியோடு மூக்கு ஒட்டிக்கொண்டு வரும். அதன் வெளிமுனை மழுங்கலாக இருக்கும், அது முளைவேர். உள்முனையில் மடக்கி வைத்த இறகு மாதிரி குட்டி இலைகள். ஒரு மாணவி கேட்டாள், "டீச்சர், வேர் இந்தப் பக்கம்னு அதுக்கு யார் சொன்னது?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரி போதாது. கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அரபிடாப்சிஸில்தான் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். கருவின் முதல் செல் மேலே சிறியது, கீழே பெரியது என்று இரண்டாகப் பிரிகிறது. கீழ்ச்செல்லிலிருந்து ஆக்சின் என்ற ஹார்மோன் மேலே ஏறுகிறது. கரு ஏறக்குறைய 32 செல் உருண்டையானதும் ஓட்டம் திரும்பிக் கீழே இறங்குகிறது. ஆக்சின் போய்த் தேங்கும் அடிப்பக்கத்தில்தான் வேர்நுனி உருவாகிறது. 2003இல் வெளிவந்த ஆய்வு இது.

பிள்ளைகளிடம் நான் வாய்க்காலைச் சொன்னேன். ஆழியாற்றுத் தண்ணீரை நம்பி வெள்ளாமை செய்கிற ஊர், சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஆக்சின் தண்ணீர் என்றால், 'பின்' (PIN) என்ற புரதங்கள் மதகுகள். செல்லின் எந்தச் சுவரில் மதகு இருக்கிறதோ அந்தப் பக்கம் ஆக்சின் பாயும். மதகைச் சரியான சுவரில் கொண்டுபோய் வைக்க நோம் என்ற மரபணு வேண்டும். அது கெட்டால் சில கருக்கள் வேரும் வித்திலையும் இல்லாத வெறும் உருண்டையாக நின்றுவிடும். மோனோப்டெரோஸ் என்ற மரபணு கெட்டாலோ வேரே வராது. ஜெர்மனியின் மியூனிக்கில் கெர்ட் யூர்கென்ஸ் குழுவினர் இப்படிப்பட்ட செடிகளைத் தேடிப் பிடித்து 1991இல் வெளியிட்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. மோனோப்டெரோஸ் புரதத்தை வேறொரு புரதம் பிடித்து அமுக்கி வைத்திருக்கும். ஆக்சின் வந்தால்தான் அந்தப் பிடி சிதைந்து அது வேலையைத் தொடங்கும். ஆக, மரபணு ஹார்மோனுக்கு வழி போடுகிறது, ஹார்மோன் வந்து மரபணுவை எழுப்புகிறது. இதை "எழுதியிருக்கிறது" என்று சொன்னால் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். நர்சரிக்காரர்கள் பதியன் குச்சியைத் தோய்க்கிற வேர்மருந்தும் ஆக்சின் வகைதான் என்றதும் ஒரு பையன், "எங்கப்பா கடையில இருக்கு டீச்சர்" என்று துள்ளினான்.

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் தமிழில் படிக்கக் கிடைப்பது அபூர்வம். உங்கள் இதழைத்தான் வகுப்பில் கைமாற்றிப் படிக்கிறோம். முதல் செல்லிலிருந்து வித்திலை வரைக்கும் ஆக்சின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அம்புக்குறி போட்ட படங்களோடு இரண்டு பக்கம் ஒதுக்கி, இதை மட்டும் தனிக் கட்டுரையாகப் போடுங்கள்.

வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்