தூண்டில் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நேரத்துக்கு வந்திருக்கும் அங்கத்தவர்களே,

வராதவர்களுக்கும் இந்த அறிக்கை வட்ஸ்அப்பில் போய்ச் சேரும் என்பதால் அவர்களுக்கும் சேர்த்தே வணக்கம் சொல்லிவிடுகிறேன்.

சங்க யாப்பு விதிகளின்படி மாதம் ஒரு செயற்குழுக் கூட்டம் நடக்க வேண்டும். 8 நடந்தன. மீதி நான்கும் நடக்காததற்குக் கோரம் (கூட்டத்துக்கு வேண்டிய ஆள்தொகை) இல்லாமையே காரணம், செயலாளர் அல்ல. மே மாதம் பொல்கொட வாவிக்குப் போனோம்: மழை, 6 பேர், 4 கெளுத்தி. ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளுக்கான தூண்டில் பயிற்சியில் ஜப்பான் மீன் (திலாப்பியா) நிறையப் பட்டது, பிள்ளைகளுக்குச் சந்தோஷம். செப்டெம்பர் 22ஆம் திகதிப் பயணம் நடக்கவில்லை. முதல் நாள் ஜனாதிபதித் தேர்தல், இரவு போட்ட ஊரடங்கு மறுநாள் நண்பகல் வரை நீண்டது, அதிகாலையில் தூண்டில் தடியோடு சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்ல எவருக்கும் விருப்பமில்லை. போயா (பௌர்ணமி) நாட்களில் தூண்டில் போடுவதில்லை என்ற பழைய வழக்கம் தொடர்கிறது. பெல்லன்வில-அத்திடிய பக்கம் போகலாமே என்று இந்த வருடமும் ஒருவர் கேட்டார். அது 1990இலிருந்து சரணாலயம். அடுத்த வருடம் கேட்டாலும் அதே பதில்தான்.

இனி தூண்டிலில் கட்டும் றப்பர் தவளை விஷயத்துக்கு வருகிறேன். "செயலாளர் சங்கக் காசில் பொம்மை வாங்குகிறார்" என்று சிலர் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹன்வெல்லப் பக்கம் செங்கல்லுக்குக் களிமண் தோண்டிய பழைய குழி ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். காணிக்காரர் பெருமனதோடு அனுமதி தந்தார், போகும்போதெல்லாம் இளநீரும் தந்தார். ஆனால் தண்ணீரையே காண முடியாது. ஒரு பக்கம் ஆற்றுவாழை என்ற ஆகாயத்தாமரை, மறுபக்கம் சல்வீனியா என்ற மிதக்கும் களை, தூரத்திலிருந்து பார்த்தால் கிரிக்கெட் மைதானம் போல இருக்கும். புழுவைக் கோத்துப் போட்டால் முள் முதல் இலையிலேயே மாட்டும். முதல் பயணத்தில் 14 பேர் போனோம், 14 பேரும் களையைத்தான் பிடித்தோம். "இங்கே மீனே இல்லை" என்று முடிவு கட்டி, அடுத்த முறை பாதிப்பேர் வரவில்லை.

நான் மட்டும் கரையில் குந்தியிருந்து பார்த்தேன். பச்சைக்கு நடுவே சோற்றுத் தட்டளவு ஓட்டை ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அங்கே 'ப்ளக்' என்று ஒரு சத்தம், ஓரத்துச் சல்வீனியா இலைகள் லேசாக ஆடி அடங்கும். விரால் மூச்சு வாங்க வருகிறது. மற்றப் பல மீனுக்குத் தண்ணீரில் கரைந்த காற்று வேண்டும், களை மூடி அழுகிய குளத்தில் அது இருக்காது. விராலுக்கு அந்தக் கவலை இல்லை, மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிவிட்டுப் போகும். எல்லோரும் 'செத்த குளம்' என்று விட்டுப்போன இடம் அதற்குச் சொந்த வீடு.

சரி, அங்கே எப்படித் தூண்டில் போடுவது? இதற்கு வழி கண்டவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ஊரில் பாஸ் என்றொரு மீன் உண்டு. (இதை நான் முதலில் சொன்னபோது கொட்டாஞ்சேனை அங்கத்தவர் ஒருவர் "எந்த பாஸ், மேசன் பாஸா?" என்று, மேசன்மாரை நாம் 'பாஸ்' என்று கூப்பிடுவதை வைத்துக் கேட்டு சபையின் சிரிப்பை வாங்கிக்கொண்டார். இருக்கட்டும்.) 1932இல் ஜோர்ஜியா மாநிலத்தில் ஜோர்ஜ் பெரி என்பவர் பிடித்த 22 இறாத்தல் 4 அவுன்ஸ் பாஸ்தான் இன்றைக்கும் பேசப்படும் சாதனை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதற்குச் சமமாகப் பிடித்தார். அந்த மீனும் களை நிழலில் பதுங்கி, மேலே ஊர்வதைப் பாய்ந்து பிடிக்கும் சாதிதான். அதற்காகச் செய்த சாமான்தான் றப்பர் தவளை. உள்ளே வெறும் காற்று, அதனால் மிதக்கும். இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேலே பார்த்திருக்கும், அதனால் இலையில் மாட்டாது. மீன் கவ்வும்போது உடம்பு நசுங்கி முள் வெளியே வரும். இப்படியொன்று நமது விராலுக்கும் பொருந்தும் என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை, குளத்துத் தவளையை விரால் விழுங்குவதை நம் பாட்டன்மாரே பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே செயற்குழுவில் சொல்லி (அன்று வந்திருந்த நால்வரும் சம்மதித்தார்கள், கூட்டக் குறிப்பில் இருக்கிறது) 12 தவளைகளும் ஒரு சுருள் பின்னல் நூலும் வாங்கினேன். நூலைப் பற்றி நான் தொண்டை வரளச் சொன்னேன்: களைக்குள் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) வேண்டாம், அது இழுபடும், தண்டில் உரசி அறும், 50 இறாத்தல் தாங்கும் பின்னல் நூல்தான் ஆற்றுவாழைத் தண்டை அறுத்துக்கொண்டு வரும். கேட்டவர்கள் சிலர். கேளாதவர்களின் தவளைகள் குழிக்குள் இருக்கின்றன. 12இல் இன்று கையிருப்பு 5. காணாமற்போன ஏழில் ஆறு தங்கூசியோடு போனவை. ஒன்று என்னுடையது, அதை ஒரு கபரகொய்யா (நீருடும்பு) கவ்விக்கொண்டு போனது. அதற்குச் சாட்சி உண்டு.

ஜூலை மாதம் ஒரு ஞாயிறு காலை, அந்தத் தட்டளவு ஓட்டைக்கு அப்பால் தவளையை எறிந்து, இலைகளின் மேல் மெல்ல மெல்ல நடத்திக்கொண்டு வந்தேன். ஓட்டையின் விளிம்பில் நிறுத்தினேன். பச்சை முழுவதும் ஒரு முழ அகலத்துக்கு மேலெழும்பியது, தவளையைக் காணோம். அந்த நிமிடத்தில் உடனே இழுத்தால் தவளை மட்டும்தான் வரும். ஒன்று, இரண்டு என்று எண்ணி, நூல் இறுகிய பிறகு இழுத்தேன். பிறகு ஒரு சாண் நூல்கூடக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது தண்டுகளுக்குள் சுற்றிக்கொள்ளும். தலைமேல் ஒரு கூடை சல்வீனியாவோடு கரைக்கு வந்தது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த விரால். இந்த வருடம் அந்தக் குழியில் 19 விரால் பிடித்தோம். செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் சோடியை எவரும் தொடவில்லை. இந்த விதியை ஒருவர் மீறப் பார்த்தார், நான் தடுத்தேன். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை.

நவம்பரில் களை வெட்டும் சிரமதானம். குழி முழுவதையும் சுத்தம் செய்யலாம் என்றார்கள், நான் விடவில்லை. முழுவதும் வழித்தால் நிழலும் போகும், மீனும் ஒதுங்க இடமில்லாமல் போகும். நாலடி அகலத்தில் மூன்று வழி மட்டும் வெட்டினோம். வெட்டியதைக் கரையிலேயே குவித்தோம், வேறு குளத்துக்கோ கால்வாய்க்கோ ஒரு தண்டும் போகக் கூடாது. ஆற்றுவாழைக்கென்றே 1909இல் இந்த நாட்டில் சட்டம் போட்டார்கள் என்பதைப் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் பயத்தினால் காலில் புண் உள்ளவர்களைத் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்றேன். அன்று பலருக்குக் காலில் புண் இருந்தது. 41 அங்கத்தவர்களில் வந்தவர்கள் 9 பேர், அவர்களில் 3 பேர் படம் பிடித்தார்கள்.

சல்வீனியா 1939இல் கொழும்பில் தாவரவியல் படிப்புக்கென்று கொண்டுவரப்பட்டு நாடெங்கும் பரவியது. 1986இல் அதைத் தின்னவென்று ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். பல குளங்களில் அது வேலையை முடித்துக் காட்டியது. அதற்கு ஞாபகமூட்டல் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், வரவும் செலவும் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வான் வாடகை எதிர்பார்த்ததைவிடக் கூடியது. தவளைச் செலவு 'இதர செலவுகள்' என்ற தலைப்பில் வருகிறது. அதில் ஒளிப்பதற்கு எதுவுமில்லை, தலைப்பு போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் சந்தா விஷயத்தை மறைக்க முடியாது. வருடத்துக்கு 1,500 ரூபா. டிசெம்பர் முடிய முழுதாகக் கட்டியவர்கள் 17 பேர். மற்றவர்கள் விரால் படங்களுக்கு வட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டுகிறார்கள். கட்டைவிரலை வங்கி ஏற்பதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் எல்லோருக்கும் கஷ்டம், அப்போது நாம் எவரையும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. இப்போது கேட்கிறேன். மனமிருந்தும் கையில்லாதவர்கள் எனக்குத் தனியாகச் சொன்னால் போதும், அது என்னோடேயே இருக்கும்.

காணிக்காரருக்கும், வான் சாரதித் தம்பிக்கும், மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குத் தந்தவர்களுக்கும், தேநீர் தந்த சகோதரிகளுக்கும், தலைவர், பொருளாளர் இருவருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும்.

வரும் வருடத்துக்குச் செயலாளர் பதவியை வேறொருவர் ஏற்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆறு வருடம் போதும் என்று வீட்டிலும் சொல்கிறார்கள். புதியவருக்கு அலுமாரிச் சாவி, கூட்டக் குறிப்புப் புத்தகம், பிஸ்கட் டின்னில் இருக்கும் 5 தவளைகள் எல்லாவற்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். ஒருவரும் முன்வராவிட்டால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்படி நானே தொடர வேண்டியிருந்தால், நவம்பரில் வெட்டிய மூன்று வழியும் மூடியிருக்கும், மறுபடி வெட்ட 20 பேராவது வேண்டும்.

அடுத்த ஹன்வெல்லப் பயணம் பெப்ரவரி இரண்டாம் ஞாயிறு. வான் காலை 5 மணிக்கு வெள்ளவத்தைச் சந்தியிலிருந்து புறப்படும். சந்தா கட்டியவர்களுக்கு முதலிடம். தங்கூசி கொண்டுவர வேண்டாம்.

செயலாளர்