அடைகாக்கிற அப்பன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சௌக்கியம். பாப்பாவுக்கு ஊசி போட்ட காய்ச்சல் விட்டுவிட்டதா? மருமகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், நீ சம்பளமில்லாத லீவு போட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாய் என்று சொன்னதும் பெரியம்மா முகத்தைச் சுளித்தார். "ஆம்பளப் புள்ள வீட்ல உக்காந்து பால் கலக்குவானா?" என்று கேட்டார். நான் வாக்குவாதம் பண்ணவில்லை. மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக் கால்வாயில் தண்ணீர் விட்டதிலிருந்து ஏரி நிறைந்து கிடக்கிறது. மதகுக்குப் பக்கத்தில் அல்லியும் தாமரையும் மூடிக் கிடக்கிற இடத்தில் நீளவால் இலைக்கோழி வந்திருக்கிறது. வெள்ளை முகம், பிடரியில் பொன் மஞ்சள், கரும்பழுப்பு உடம்பு, பின்னால் வளைந்து தொங்கும் கறுத்த வால். இந்த வாலும் மினுக்கும் குஞ்சு பொரிக்கிற காலத்துக்கு மட்டும்தான். பிறகு வால் உதிர்ந்துவிடும், தை மாசத்தில் பார்த்தால் அதே பறவை என்று நம்பவே முடியாது.

நீ வாங்கிக் கொடுத்த பைனாகுலரில் முதலில் காலைத்தான் பார்த்தேன். விரல் ஒவ்வொன்றும் அந்த உடம்புக்குப் பொருந்தாத நீளம். நகமும் நீளம், பின்விரல் நகம் இன்னும் நீளம். இலைமேல் ஊன்றும்போது விரல்கள் அகல விரிகின்றன. கனம் ஒரே இடத்தில் அழுந்தாமல் பரவுவதால் இலை தாங்குகிறது. சின்ன அல்லி இலை என்றால் ஓரம் அமிழ்ந்து தண்ணீர் மேலே ஏறத்தான் செய்கிறது. ஆனால் அதற்குள் மறுகால் அடுத்த இலைக்குப் போய்விடுகிறது. அப்படி நடந்துகொண்டே பூச்சியையும் சின்ன நத்தையையும் கொத்தித் தின்கிறது.

கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மிதக்கிற தழையைக் கொஞ்சம் கூட்டி வைத்ததுதான். அதில் நான்கு முட்டை. பம்பரம் மாதிரி ஒரு பக்கம் கூர்ந்து, வெண்கலப் பழுப்பில் பளபளக்கின்றன. மேலே உட்கார்ந்திருந்தது சேவல். பெரியம்மா, "பெட்ட எங்க?" என்றார். பெட்டை ஏரியின் அந்தக் கோடியில் 'மீ-ஔ' என்று கத்திக்கொண்டு இன்னொரு பெட்டையை விரட்டிக்கொண்டிருந்தது. சேவலைவிட அது ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். முட்டையிட்டு முடித்ததும் அடுத்த சேவலிடம் போய்விடும். ஒரு பருவத்தில் இப்படிப் பத்து ஈடுவரைகூட, அதாவது பத்துத் தடவை கூடு நிறைய, முட்டையிடும்.

அதைப் பொறுப்பில்லாதது என்று நினைத்துவிடாதே. பாம்பும் பருந்தும் தின்றது போக, தண்ணீர் ஏறி முங்குவது போக மிஞ்சுவது கொஞ்சம்தான். திரும்பத் திரும்ப முட்டையிடுவதும் எல்லையைக் காப்பதும் அதன் பாடு. சேவலின் பாடு 26 நாள் அடை. தண்ணீர் ஏறினால் முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்து வேறு இடத்துக்கு நகர்த்தும். குஞ்சுகள் பொரித்த கையோடு நடந்து தாமாகவே இரை தேடும். ஆனாலும் அப்பன் விட்டு விலகாது. அது எச்சரித்தால் அலகு நுனி மட்டும் வெளியே தெரிய, குஞ்சு தண்ணீருக்குள் பதுங்கிக்கொள்ளும்.

இதன் பங்காளியான தாமரை இலைக்கோழியைக் கன்னியாகுமரி மாவட்டம் வேம்பனூர் ஏரியில் 1990களில் ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு பெட்டையின் எல்லைக்குள் நான்கு சேவல்வரை இருந்தன. பெட்டையைத் தன் பக்கம் வரவழைக்கச் சேவல்கள் போட்டி போட்டுக் கத்துமாம். அந்த இனத்துச் சேவல் குஞ்சுகளை இறக்கைக்குள் இடுக்கித் தூக்கிக்கொண்டே ஓடும், குஞ்சுகளின் நீளக்கால் மட்டும் கீழே தொங்கும். அதை எப்படியாவது ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பெரியம்மா வெயில் ஏறும்வரை கரையை விட்டு எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் தானாகவே, "புள்ள ராத்திரில தூங்குதா, அவன் தூங்குறானா?" என்று விசாரித்தார்.

நான் எழுத உட்கார்ந்த காரணமே வேறு. அடுத்த மாதம் ஆகாயத்தாமரையை எடுக்க ஜேசிபி வருகிறது. எடுக்கட்டும், அது ஏரியை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒரே வேலையாக மதகுப் பக்கத்து அல்லி, தாமரையையும் சேர்த்து வாரப் போகிறார்களாம். அப்போதுதான் குஞ்சு வெளியே வந்திருக்கும். அந்த ஒரு மூலையைக் கார்த்திகைவரை விட்டுவைக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடு. அக்டோபர் 2 கிராம சபையில் நானே எழுந்து படிக்கிறேன். பெரியம்மாவும் கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார். பாப்பா தூங்குகிற நேரத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. 25ஆம் தேதிக்குள் வந்தால் தெருவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்க நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
அம்மா